ஒன்பதாவது துளை

13 ஜூன் 1966

எஞ்சினில் வெப்பம் அளக்க எட்டு இடங்களுக்குச் சரி என்றார் ஆய்வகத் தலைவர் சுந்தரராமன். எனக்கு ஒன்பது வேண்டும்.

எட்டும் பத்திரமான இடங்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், எண்ணெய், வெளிச்சுவர். அங்கே வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். தெரிந்ததை அளக்க நான் எதற்கு?

நாளை அவரிடம் சொல்ல வேண்டியது, ஒத்திகையாக: இந்த எஞ்சினில் பிஸ்டன் இல்லை. முட்டை வடிவ அறைக்குள், ஹவுசிங்குக்குள், ஒரு முக்கோண ரோட்டர் சுற்றுகிறது. புதுக் காற்று எப்போதும் ஒரு பக்கச் சுவரில்தான் படுகிறது. தீ எப்போதும் எதிர்ச்சுவரில். சாதாரண எஞ்சினில் சுவர் சூடாகும், ஆறும். இதில் தீயை மூட்டும் பிளக்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகல இடம் ஒன்று ஆறுவதே இல்லை.

என் ஒன்பதாவது தெர்மோகப்பிள், வெப்பம் அளக்கும் கம்பி, அங்கே போகவேண்டும்.

15 ஜூன்

சொன்னேன்.

வெள்ளிக் கூஜாவைத் திறந்து, அண்ணாந்து, தன் வீட்டுத் தண்ணீரைக் குடித்தார். ஆசாரம்; ஆய்வகத்தில் காப்பி, தண்ணீர் எதையும் அவர் தொடுவதில்லை. பசவனகுடியிலிருந்து கூஜா வருகிறது, கூஜா போகிறது.

"இருக்கறது ஒரே ஒரு ஹவுசிங், அம்மா. உள்சுவரை ரெண்டு மில்லிமீட்டர் விட்டுட்டுத் துளைக்கணுங்கறே. விரிசல் விட்டா? அடுத்த வார்ப்புக்கு ஆறு மாசம் காத்திருக்கணும்."

"சார், அங்கே இருநூறு டிகிரியைத் தாண்டினா எண்ணெய் கருகிடும். ரோட்டர் இறுகி நின்னுடும். தரையிலே நின்னா பரவாயில்லை."

ஆகாயத்தில் நின்றால், என்று நான் சொல்லவில்லை. முன்னறையில் டைப்ரைட்டர் சத்தம் நின்றது. டைப்பிஸ்ட் மௌரீன் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் இந்த எஞ்சினை விமானத்தில் வைத்துப் பறக்கப்போகிறவர் அவள் கணவர் ஹெர்பர்ட்.

16 ஜூன்

ஒன்பதாவது துளைக்கு சுந்தரராமன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

21 ஜூன்

துளைத்தாயிற்று. ஃபிட்டர் முனிராஜ் துளைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"மேடம், மூச்சு விடுங்க. தொளை போடறது நான்தானே?"

விரிசல் இல்லை. இருக்காது என்று தெரியும். ஆனாலும் பூதக்கண்ணாடியால் நாலு தடவை பார்த்தேன்.

கம்பிகளைப் பொருத்தினேன். இரண்டு வேறு உலோகங்கள், நுனியில் ஒன்றாக உருக்கி ஒட்டியவை. ஒட்டிய நுனி எஞ்சினில்; மறுமுனை பிளாஸ்கில், பனிக்கட்டியில். அதுதான் பூஜ்யம். பாவம், கம்பிக்கு வெப்பம் தெரியாது. இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரியும்.

28 ஜூன்

231!

எஞ்சினை முதல்முறை ஓட்டினோம். எட்டும் பத்திரம். ஒன்பதாவது 231.

ஒரு கெட்ட செய்திக்கு இவ்வளவு சந்தோஷமா? என்ன மனம் இது? இருக்கட்டும். நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன நெருப்பு.

வாசலில் மௌரீன் பிடித்துக்கொண்டாள். "ஏய் கோமளம், சிரிச்சிக்கினே வர்றே! எங்க வீட்டு ஆள் பறக்கலாமா வேணாமா, அத்த சொல்லு மொதல்ல."

"இப்போதைக்கு வேண்டாம்."

"தேங்க் காட். சண்டே மட்டன் வாங்க அவரை வுட்டா எனக்கு யாரு இருக்கா?"

சிரித்தாள். ஆனால் கையை விடவில்லை.

29 ஜூன்

எல்லாம் போச்சு.

சுந்தரராமன் ஒன்பதாவதைப் பார்க்கவே இல்லை. முதலாவதைப் பார்த்தார். உள்ளே வரும் தண்ணீர்: 38. எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் பாதரச வெப்பமானியை விட்டார். 25.

"தண்ணிக்கே ஜுரமா, அம்மா? முதல் சாட்சியே பொய் சொல்றது. கடைசி சாட்சியை எப்படி நம்பறது?"

துளையை அடைத்துவிடச் சொன்னார். ஆகஸ்ட் ஆகஸ்டுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் சொன்னது சரி. ஓட்டுவதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஒன்பதையும் ஒரு முறை படிப்பது வழக்கம். நான் படிக்கவில்லை. என்ன அவசரம் எனக்கு? ஒன்பதாவதைப் பார்க்கும் அவசரம்.

30 ஜூன்

எண்ணெய்: வெப்பமானியைவிட அதுவும் 13 அதிகம். எல்லாமே 13 அதிகம்?

தனித்தனியாகக் கெட்டிருந்தால் இப்படி ஒரே அளவாகக் கெடாது. ஒன்பதுக்கும் பொதுவாக இருப்பது என்ன?

பிளாஸ்க்.

1 ஜூலை

அன்றைய பிளாஸ்க் கழுவப்படாமல் அலமாரியில் இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர். விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

"முனிராஜ், அன்னிக்கு ஐஸ் எங்கே வாங்கினீங்க?"

"நம்ம மெஷின் ரிப்பேர் இல்லீங்களா மேடம்? சிவாஜிநகர்ல ஆம்ப்ரோஸோட ஐஸ்கிரீம் கடைல கேட்டேன். டப்பாவைச் சுத்தி இருந்ததை அப்படியே அள்ளிக் குடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, கையே வெறைச்சுப் போச்சு! மெஷின் ஐஸைவிட ஃபஸ்ட் கிளாஸ்."

ஐஸ்கிரீம் உறைய, சுற்றியுள்ள ஐஸில் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு விழுந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். என் பூஜ்யம் பதின்மூன்று டிகிரி கீழே இருந்திருக்கிறது. நான் அதன்மேல் நின்றுகொண்டு 231 என்று கத்தியிருக்கிறேன்.

சிரித்துச் சிரித்து முனிராஜுக்குப் புரையேறிவிட்டது. எனக்கும்.

231-இல் 13 போனால் 218. அப்போதும் எல்லைக்கு மேலேதான்! காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சுந்தரராமன் அதை வாங்கவில்லை. "கழிச்சுக் காட்டாதே. ஓட்டிக் காட்டு. அப்புறம் துளையை அடைச்சுக்கலாம்."

4 ஜூலை

நல்ல ஐஸ். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்கில் போட்டேன். குளிர்ந்த எஞ்சினில் ஒன்பதும் வெப்பமானியோடு ஒத்துப்போயின. பிறகு ஓட்டினோம், முழு வேகத்தில்.

தண்ணீர் 25. ஒன்பதாவது 217.

சுந்தரராமன் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் அடங்கிய பிறகும் நின்றார். பிறகு முன்னறையைப் பார்த்து, "மௌரீன், ஆகஸ்ட்னு அடிச்சியே, அதைக் கிழிச்சுடு."

இவ்வளவு வேகமாகக் காகிதம் கிழியும் என்று இன்றுதான் தெரிந்தது.

11 நவம்பர்

புதிய ஹவுசிங்கின் வரைபடம். தண்ணீர்ப் பாதை பிளக்கை ஒட்டி வளைகிறது. அதன் பக்கத்தில் சின்ன வட்டம், ‘9’ என்று. சுந்தரராமனின் பென்சில்.

நான் கேட்கவே இல்லை.

20 பிப்ரவரி 1967

ஹெர்பர்ட் பறந்தார். இறங்கினார். ஒன்பதாவது, மேலே இருந்த நேரம் முழுவதும், 190-ஐத் தாண்டவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மனதில் நிற்பது வேறு.

காலையில் பிளாஸ்கை விமானத்தில் ஏற்றவேண்டும். ஹெர்பர்ட் உள்ளே உட்கார்ந்துவிட்டார். மௌரீன் வேலி ஓரம், ஜெபமாலையோடு. முனிராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார், கோணிப்பையோடு.

"ஐஸ் மெஷின் மறுபடி படுத்துக்கிச்சு மேடம்."

"இது எங்கேருந்துப்பா?" என்றார் சுந்தரராமன்.

முனிராஜ் தலையைச் சொறிந்தார். "சிவாஜிநகர் சார்... மீன் மார்க்கெட் ஐஸ் டிப்போ. உப்புப் போடலன்னு சத்தியம் பண்ணான் சார்."

நான் கையை நீட்டினேன். அதற்குள் சுந்தரராமன் கோணியை விலக்கி, ஒரு துண்டை எடுத்து, ஒட்டியிருந்த உமியை வேட்டி நுனியில் துடைத்தார். கூஜா ஜீப்பில் மூடியபடி இருந்தது.

துண்டை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார்.

"உப்பில்லே," என்றார், கன்னம் உப்பியபடி. "அனுப்பு."