கோட்டுக்கு மேலே

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் மறைக்கமாட்டேன். இங்கே எல்லாரும் நல்ல சுகம், அங்கே நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிடவேண்டும் என்று அம்மா முதலில் எழுதச் சொன்னாள்.

மழைக்காலத்துக்கு முன் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போன வாரம் அதிகாரிகள் வந்து, கடல் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, இனிப் பெரிய புயல் அடித்தால் தண்ணீர் இந்த உயரம்வரை நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சுவரில் நீலக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அப்பா உடனே கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நம் தையல்கடைச் சுவரை அளந்து, என் இடுப்புக்குக்கூட வரவில்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார். கடலைப் பார்த்த முதல் வீட்டு சலூன்காரரோ, எனக்குக் கல்சுவர் இருக்கிறது, தண்ணீர் அதில் முட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குத்தான் போகும் என்கிறார். அடுத்த தெரு டீச்சரைக் கேட்டால், சலூனைத் தாண்டுவதற்குள் கடலுக்கே மூச்சு வாங்கிவிடும் என்கிறார். கடல் வரும் என்று எல்லாரும் நம்புகிறார்கள் அண்ணா, தன் வீட்டுக்கு வரும் என்றுதான் ஒருவரும் நம்பவில்லை.

எங்களுக்குப் பயமும் இல்லை, நாங்கள் வரவும் இல்லை என்று கண்டிப்பாக எழுதச் சொன்னார் அப்பா, எழுதிவிட்டேன். ஆனால் கோடு போட்ட மறுநாளே தையல் மெஷினுக்கு அடியில் செங்கல் அடுக்கிவிட்டார். இப்போது உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து தைக்கிறார், துணி கொண்டுவருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் பேசுகிறார்கள். ஏன் என்று கேட்டால் முதுகுவலியாம். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. அரிசி டின், உன் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன, எலித் தொல்லையாம். இதையெல்லாம் எழுதாதேடி என்று தலையில் குட்டினாள், குட்டியதையும் எழுதிவிட்டேன்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, சம்பளத்தைச் சிநேகிதர்களுக்கே செலவழிக்காதே என்கிறாள். நீ இருப்பது எத்தனையாவது மாடி என்று என் காதோடு கேட்டாள், மறக்காமல் பதில் போடு. அதற்குள் அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கிவந்து, அவன் வீட்டு மாடிப்படி எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதச் சொல், மெஷின் திரும்புமா பார்க்கவேண்டும், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார். அம்மா சிரிக்கவே இல்லை, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருடா கண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

அண்ணா, இன்னும் நிறைய இருக்கிறது, அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.