நடு அடுக்கில் கன்னியப்பன்

மேனாம்பேடு
ஞாயிறு

அன்பு வித்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் சர்க்கரை மட்டும் யார் சொல்லியும் கேட்பதில்லை. அங்கே நீ, மாப்பிள்ளை ராகவன், குழந்தை எல்லோரும் நலம் என்று வீடியோவில் தெரிகிறது, ஆனாலும் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

வீடியோ என்றதும் அதையே சொல்லிவிடுகிறேன். போன வாரம் புது வீட்டு ஹாலைச் சுற்றிக் காட்டினாய். நடுவில் உன் மாமியார் சரசா கொடுத்த வெண்கல உருளி. தண்ணீர், மிதக்கும் பூ. "இது எங்க குடும்பத்து உருளிம்மா" என்றாய். நம்ம என்று சொல்லவில்லை. எங்க. ஒரு சொல்தான். அதற்கு வெளியே நான் நின்றேன். போனை வைத்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். சம்பந்தியின் பாட்டனார் வெள்ளத்தில் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீந்தி வந்த கதையைக் காட்டுப்பாக்கத்தில் அவர்கள் வீட்டில் நானும் கேட்டிருக்கிறேன். யாரும் பார்க்காதபோது தூக்கியும் பார்த்தேன். அந்தக் கனத்தோடு மனிதர் நீந்தியிருக்க முடியாது. பொறாமை என்கிறார் அப்பா. ஆமாம். பூக்காரியிடம் நிற்கும்போதுகூட அந்த உருளிதான் கண்ணில்.

அதனால்தான் மாப்பிள்ளையின் நண்பர் கோகுல்நாத்திடம் இந்தக் கேரியரைக் கொடுத்தனுப்புகிறேன். உன் தாத்தா தசரதன் ஆவடி ஃபாக்டரிக்குச் சாப்பாடு கொண்டுபோனது. எவர்சில்வர், மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் அவர் பெயர் வெட்டியிருக்கும். நடு அடுக்கில் கன்னியப்பன் என்று இருக்கும். உறவில்லை, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. ஃபாக்டரிக் குழாயடியில் கழுவும்போது மாறிய அடுக்கு. தாத்தா திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. கன்னியப்பன் பெண்டாட்டி வைத்த கருவாட்டுக் குழம்பைத் தாத்தா ஒருமுறை வாய்விட்டுப் புகழ்ந்திருந்தார். "அவ ஊட்டுப் பாத்திரத்துல நான் இன்னாத்துக்கு சோறு போடணும்" என்று என் அம்மா அதில் எதுவும் வைக்கவில்லை. அந்த அடுக்கு இல்லாமல் கேரியர் பூட்டாது. ரிடையர் ஆகும்வரை காலியாகவே போனது. அங்கே கன்னியப்பன் அதில் குழம்பை ஊற்றிவிடுவாராம். தாத்தா கழுவித்தான் கொண்டுவருவார். அம்மா போன பிறகுதான் என்னிடம் சொன்னார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நான் அம்மா பக்கம். வெள்ளம் இல்லை, நீச்சல் இல்லை, நம் கதை இவ்வளவுதான்.

கீழ் அடுக்கு பெயரில்லாமல் இருந்தது. அம்பத்தூர் பாத்திரக்கடையில் உன் பெயரை வெட்டச் சொன்னேன். இனிஷியல் கேட்டான். கல்யாணத்துக்கு முன்னால் க, அப்பா கஜபதி. பிறகு ரா. இரண்டும் வேண்டாம், தா போடு என்றேன். "தா-ன்னா இன்னாம்மா, தாண்டவராயனா?" என்றான். என் பெயர் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன். தா. வித்யா. தடவிப் பார், கொஞ்சம் கீறும்.

மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், குழந்தைக்கு என் முத்தம். கேரியரை அலமாரிக்குள் தள்ளிவிடாதே, உருளிக்குப் பக்கத்தில் வை. யார் கேட்டாலும் எங்க வீட்டுக் கேரியர் என்று சொல். சரசா சம்பந்தி கேட்டாலும் எங்க என்றே சொல். நம்ம வேண்டாம்.

இப்படிக்கு
உன் அம்மா
தாயம்மாள்