விசிறி திருத்த வந்த அண்ணைக்கு

அண்ணை,

இன்றைக்கு எங்கள் வகுப்பு மின்விசிறி கருகி நின்றுவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட, நான் மட்டும் கதிரையில் இருந்தபடி நன்றாக இழுத்து மோந்தேன். "என்ன பிள்ளை, சாம்பிராணியே போட்டிருக்கு?" என்று கணக்கு மிஸ் கேட்டார். "இல்லை மிஸ், உங்கடை கணக்கைக் கேட்டு அதுக்கும் மண்டை சூடாகிப் போச்சு" என்றேன். பிறகு என்ன, நானும் வெளியேதான். ஆனால் அது உங்கள் சட்டையின் மணம், அண்ணை. மோந்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் முதன்முதலாக எங்கள் கொழும்புத்துறை வீட்டுப் படலைக் கதவடியில் நின்று, "ஃபான் ஓடுதில்லை எண்டது இந்த வீடோ?" என்று எங்கள் குறுகலான ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்கக் கத்தியபோது, எங்கள் ஃபான் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடாமல் நின்றிருந்தது அம்மா.

அப்பா இறந்த பிறகுதான் அம்மாவுக்கும் எச்.ஐ.வி. இருப்பது சோதனையில் தெரிந்தது. எனக்கு இல்லை. கிளினிக்குக்கு ஒருமுறை போனவர், அங்கே வாங்கில் குந்திக் காத்திருந்த எங்கள் ஒழுங்கைப் பெண் ஒருத்தியைக் கண்டுவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். பிறகு போகவேயில்லை. குளிசையும் இல்லை, சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. வீடு தேடிப் போய்ப் பார்க்கும் திட்டத்துக்காரர் தொலைபேசியில் கெஞ்சிச் சம்மதம் வாங்கி, அயல் சந்தேகப்படாதபடி ஃபான் திருத்துகிறவராக உங்களை அனுப்பினார்கள்.

உள்ளே வந்ததும் உங்கள் குரல் பாதியாகிவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கி, பையிலிருந்த குளிசையை அம்மாவுக்கு முன்னாலேயே விழுங்கினீர்கள். "எனக்கும் உதுதான் அக்கா. போன கிழமைகூடக் கலியாண வீட்டிலை ரெண்டு பந்தியிலை இருந்து சாப்பிட்டனான்." அம்மா சிரிக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி போட எழுந்தார். அப்பா போன பிறகு அடுப்புப் பக்கம் அவர் தானாகப் போனது அன்றைக்குத்தான்.

அதற்குள் எதிர்வீட்டு ஞானம் மாமியின் தலை மதிலுக்கு மேலால் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நீங்கள் கதிரையில் ஏறி, நல்ல ஃபானைக் கழற்றித் திருத்தினீர்கள். நல்ல ஃபானைத் திருத்தினால் அது இன்னும் நல்லதாகிவிடும் அல்லவா? அடுத்த மாதம் நீங்கள் வர ஒரு சாட்டு வேண்டுமே! அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் வருவதற்கு முதல் நாள் ஃபானுக்கு நோய் வருத்தம் வரப்பண்ணுவது என் உத்தியோகம். ஒருமுறை இறக்கையில் சுவிங்கம் ஒட்டினேன். ஒருமுறை உள்ளே குண்டூசி. மேலே பார்த்துவிட்டு, "அக்கா, உங்கடை ஃபானுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி காணாது. ஆனா கிருமி ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றீர்கள். அம்மா அன்றைக்குத்தான் சிரித்தார்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. "உந்தப் பழசைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோவன்."

"பழசெண்டு எறிய வெளிக்கிட்டா, மாமி, இந்த ஒழுங்கையிலை ஆர் மிஞ்சுவினம்?"

அதற்குத் தண்டனையாக மாமி தன் ஃபானையும் திருத்த வைத்தார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அம்மாவுக்குக் குளிசை கொண்டுவந்து எங்களிடம் அரைமணி நேரம் பேசுவதற்காக ஒழுங்கை முழுவதும் ஏறி இறங்கினீர்கள்.

மாரி மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் இருந்த அந்த வருத்தத்தால் இல்லை, சும்மா நெஞ்சுவலி. செத்த வீட்டில் எல்லோரையும்விடக் கூட அழுதது மாமிதான். "இனி ஆர் காசு வாங்காமல் செய்வான்?" என்றார்.

சென்ற மாதம் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், நாங்கள் 'சேர்' என்று கூப்பிட்ட ஓர் அதிகாரியும் ஓர் அக்காவும். இப்படி வீடு தேடிப் போவதற்கு எவ்வளவு செலவு, அதனால் என்ன பெறுமதி என்று அளக்கிறார்களாம். அளவு சரிவராவிட்டால் இனி எல்லோரும் கிளினிக்குக்கே வரவேண்டியதுதான். உங்களுக்கு நினைவிருக்கும், அரியாலையில் ஒரு அக்கா. நீங்கள் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த வீடு. அவளிடம் சம்மதம் கேட்டு, ஒருமுறை அம்மாவையும் கூட்டிப் போனீர்கள். நீங்கள் போன பிறகு அவள் மருந்தை விட்டுவிட்டாள். கிளினிக்குக்கு வா என்றால் வரமாட்டாள், செத்துத்தான் போவாள்.

அதனால் அவர்கள் வர முதலே அம்மாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். "வீட்டை வராட்டி நானும் குளிசையை விட்டிடுவன் எண்டு சொல்லுங்கோ. கொஞ்சம் அழுங்கோ."

கொழும்பு அக்கா கேட்டாள்: "அவர் இல்லாம இப்ப எப்படி மருந்து எடுக்கிறீங்க?"

"பஸ்ஸிலை போய் எடுக்கிறன்."

நான் மேசைக்குக் கீழால் கிள்ளினேன்.

"அப்ப வீட்டுக்கு வர்றது தேவையில்லையா?"

"எனக்குத் தேவையில்லை" என்றார் அம்மா. "தேவைப்படாமப் பண்ணத்தானே அவர் வந்தவர்." கிள்ளிய கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அவர் வரும்வரைக்கும் உங்கடை மருந்து கிளினிக்கிலை சும்மாதான் கிடந்தது, தங்கச்சி. அது படலை தாண்டி என்ரை வாய்க்குள்ளை வர ஒரு மனிசன் வேணுமாயிருந்தது. இன்னும் கதவு திறக்காத ஆக்கள் இருக்கினம். திறந்த என்னைக் கேட்டு அவைக்கு விலை போடாதேங்கோ."

சேர் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எச்.ஐ.வி. திட்டத்தில ஃபானுக்குப் போடுற கப்பாசிற்றர் ஏன் இவ்வளவு வாங்கியிருக்கு?"

"மாமியளின்ரை வாயை மூட, சேர்" என்றேன். "அதுக்கு வேறை மருந்து இன்னும் கண்டுபிடிக்கேல்லை." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதை எழுதிக்கொண்டார், அண்ணை. நான் எட்டிப் பார்த்தேன்.

முடிவு போன கிழமை வந்தது. புதிதாக மருந்து தொடங்குகிறவர்களுக்கும் இடையில் விட்டவர்களுக்கும் வீடு தேடிப் போவது தொடரும். எங்கள் பகுதிக்குப் போக அம்மாவையே கேட்டிருக்கிறார்கள். ஒழுங்கையில் போனால் தலை குனிந்து மதிலோரமாகப் போகும் அதே அம்மாவை!

சனிக்கிழமை அரியாலைக்குப் போனோம். பள்ளிக்கூடச் சிநேகிதி என்று சொல்லிக்கொண்டு அம்மா கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார். உள்ளே ஒரு குழந்தை இருமியது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அம்மா வாசற்படியில் இருந்துவிட்டார். வெயில் ஏற ஏற, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, அம்மாவைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. அவ கடிக்கமாட்டா. நான்தான் கடிப்பன், அதுவும் பசிச்சால் மட்டும்."

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு தாழ்ப்பாள். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது, அதற்கு மேல் இல்லை. அந்த இடைவெளியால் ஒரு கண் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எந்தக் கதவைக் கண்டாலும் தள்ளிப் பார்க்கிற கை என்னுடையது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒருநாளும் எங்களைத் தள்ளியதில்லை. நானும் தள்ளவில்லை, அண்ணை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.