பெயர் இருந்த இடத்தில் ஓர் எண்

இன்று காலை பழைய சர்வரில் இருப்பதையெல்லாம் துடைத்துப் போடுவதற்கு முன் கோப்புகளைப் பட்டியலிட்டேன். உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் 1014 என்று இருந்தது. நீ செத்த மறுவாரம் உன் கணக்கை நான்தான் அழித்தேன். பெயர் போய்விட்டது, சர்வர் உனக்குக் கொடுத்த எண் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை, எந்தக் கோப்பை எந்தக் குழுவினர் திறக்கலாம் என்பதை மாற்றும் கட்டளையைத் தவறான இடத்தில் ஓட்டி, பாதி ஆபீஸை வேலை செய்யவிடாமல் நிறுத்தினேன். ஹெப்பாளில் நம் ஆபீஸ் கேன்டீனில் எல்லார் முன்னாலும் நீ சொன்னாய்: "இவங்கிட்ட சாவியக் குடுத்தா ஊட்டுக்காரனையே வெளிய வெச்சுப் பூட்டிப்புடுவான் மச்சா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன்னை மன்னிக்கவில்லை.

பிறகு நீ ரிங் ரோட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாய். யானை காட்டைவிட்டு இறங்கினால் உங்கள் மார்டள்ளி ஊர்க்காரர்களின் போனுக்குச் சேதி அனுப்பும் நிரலைப் படுக்கையில் இருந்தே ஆபீஸ் சர்வரில் எழுதினாய். "சோளம் கதிர் வாங்கறதுக்குள்ள முடிக்கோணும். அப்பன் இந்த வயசுலயும் பரண் மேல காவல் கெடக்குறாரு."

அந்த நிரலில் உனக்குக் கைகொடுக்க, புதிதாக வந்த இரண்டு பேருக்கும் உன் ஃபோல்டரைத் திறந்துவிடச் சொன்னார் மேலாளர். உன் குழுவில் அவர்களைச் சேர்த்திருந்தால் போதும். நான் ஃபோல்டரையே புதுக் குழுவுக்கு மாற்றினேன், அதில் உன்னைச் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த ஒவ்வொரு கோப்பும் உன் பெயரில்தான் இருந்தது. வாசலை மட்டும் உன்னால் தாண்ட முடியாது. இந்த முறை கை தவறவில்லை.

"உள்ள உடமாட்டீங்குது மச்சா, என்னன்னு பாரேன்."

"சர்வர்ல வேலை நடக்குது. ரெண்டு நாள் பொறு."

ஒன்பது நாள் இதையே சொன்னேன். உன் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. நீ கெஞ்சுவதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்பதாம் நாள், "உன்னிய நம்பித்தான் இருக்கறேன்" என்றாய். பத்தாம் நாள் போன் வரவில்லை.

புது ஆட்கள் உன் நிரலை ஒரு வாரம் பார்த்துவிட்டு, புரியவில்லை என்று விட்டுவிட்டார்கள். உன் அப்பா இந்த வருஷமும் பரணில்தான் இருக்கிறார்.

இன்று ஃபோல்டரைப் பழைய குழுவுக்கே திருப்பினேன். ஒரு வரி, ஒரு நொடி வேலை. நீயும் நானும் மட்டும் இருந்த குழு அது. இப்போது அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது. சர்வரைத் துடைக்குமுன் உன் நிரலை என் லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொண்டேன். எந்தப் பூட்டும் இல்லாமல் திறக்கிறது. அதை முடிக்க எனக்குத் தெரியவில்லை.