தலையிடாதவள்

என் மகராசிக்கு,

நர்ஸம்மா என்னை வெளியே அனுப்பிட்டாங்க, அதான் எழுதறேன்.

உன் பேக்கரி நல்லா ஓடுது. ஒரு பன் கூடக் கருகல. கடைப் பசங்க எதைக் கேட்டு வந்தாலும் “நீ என்னடா நினைக்கிற?”ன்னு திருப்பிக் கேட்டே பழக்கிட்ட. “கடவுளும் உலகத்தைப் படைச்சதோட சரி, அப்புறம் தலையிட மாட்டாரு”ம்ப. நான் சாமி கும்பிட்டா சிரிப்ப.

இன்னிக்கும் கும்பிட்டேன்.

மூச்சு மெஷினை நிறுத்திடலாமான்னு டாக்டர் கேட்கிறாரு. உன் காதுகிட்ட வந்து கேட்டுப் பார்த்தேன், நீ கண்ணைத் திறக்கல. வெளியே நின்ன உன் கடைப் பசங்ககிட்ட கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, “நீங்க என்ன நினைக்கிறீங்க, மாமா?”ன்னாங்க.

நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்க. எனக்காக ஒரே ஒரு தடவை தலையிடேன்டி.

உன்னைக் கேட்காம ஒரு சட்டைகூட எடுக்கத் தெரியாத,
உன் வீட்டுக்காரன்