இரண்டாம் நம்பர் வீட்டில் தேத்தண்ணித் தட்டைத் தொடாதே

நொய்கெல்ன், பேர்லின்
10.10.2006

அன்புள்ள மகள் கவிசாவுக்கு,

மாதாவின் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும், என் முழங்காலைத் தவிர, சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே ஹூஸ்டனில் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனையை எடுத்தேன். இந்தக் கடிதத்தை நின்றபடி வாசிக்காதே பிள்ளை, ஓரிடத்தில் இருந்து வாசி, கையில் சூடாக ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. வருகிற இருபத்தோராம் திகதி சனிக்கிழமை அந்த மலேசியாக்காரர் வீட்டுக்கு இரண்டாம் தடவையும் கேள்வி கேட்கப் போவதாகப் போனில் சொன்னாய் அல்லவா, நீ கேள்வி கேட்கத்தான் போகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டார் உன்னைப் பெண் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உன் அம்மா. இதைச் சொல்ல மூன்று தரம் போன் எடுத்தேன், நீ ‘என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு, தடிமனோ’ என்று கேட்டவுடன், ஓம் தடிமன்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடதாசி என்றால் நீ இடையில் கத்த ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். என்ன படிக்கிறாய் என்று அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக் கேட்டு உனக்கு அலுப்புக் கொடுத்ததால், நீ எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒரு பெரிய கடிதவுறையில் அனுப்பினாய். அதற்கு முதல் கிழமை நான் போனில் கலியாணக் கதை எடுத்தபோது, ‘ஒரு கடதாசி போட்டிருக்கிறன், வாசிச்சுப் பாருங்கோ, பேந்து கதைப்பம்’ என்று நீதான் சொன்னாய். இரண்டு வருடமாக இந்தக் கதைக்கு வாய் திறக்காத பிள்ளை, பிறகு கதைப்போம் என்கிறாள் என்றால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? கடிதம் வந்த அன்று அப்பாதான் உடைத்தார். முதல் தாளில் உன் பல்கலைக்கழகச் சின்னம் அச்சடித்திருந்தது. உன் அப்பாவை உனக்குத் தெரியும், சின்னம் அடித்த கடதாசி என்றால் வாசிக்கமாட்டார், வெளிநாட்டார் கந்தோரில் பழகின பழக்கம், உடனே இரண்டு துளை போட்டு ஓர்ட்னர் கோப்பில் கோர்த்துவிடுவார். அப்படி உன் விளக்கமெல்லாம் வரிக் கந்தோர்க் கடிதங்களோடு போய் இருந்துவிட்டது. என் கைக்கு வந்தது இரண்டாம் தாள் மட்டும்.

அதிலே என்ன இருந்தது என்று நீயே நினைத்துப் பார். ஒன்றாவது, வயது முப்பத்தொன்று, பெற்றோர் மெக்சிக்கோவில் இருந்து பத்திரமில்லாமல் வந்தவர்கள், தகப்பன் கூரை போடுகிறவர், ஸ்பானிய மொழி, கூடப் பிறந்தவர் ஐந்து பேர், குளிரூட்டி பூட்டும் தொழில், சொந்த வீடு, கோயிலுக்கு ஒழுங்காய்ப் போவார்கள். இரண்டாவது, வயது முப்பத்திரண்டு, பெற்றோர் மலேசியத் தமிழர், தகப்பன் தைப்பிங் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், மகன் மருந்துக்கடையில் மருந்தாளர், இரண்டு சகோதரிகள், இருவரும் கலியாணம் முடித்துவிட்டார்கள். மாத வருமானம் எழுதியிருந்தது, வீட்டில் பேசுகிற பாஷை எழுதியிருந்தது, குடிப்பழக்கம் உண்டா இல்லையா என்பதுகூட எழுதியிருந்தது. ஒரு சம்பந்தத்துக்கு விசாரிக்கவேண்டியதில் நீ ஒன்றையும் மிச்சம் விடவில்லை. சாதகம்தான் இல்லை, நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு அது தேவையுமில்லை. படம் இல்லையே என்று கொஞ்சம் யோசித்தேன், பிள்ளை வெட்கப்பட்டு வைக்கவில்லை என்று மனதைத் தேற்றினேன். அடியில் உன் கையெழுத்தில், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து உங்கள் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று இருந்தது. மாதாவே என்று சுவாமிப் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

ஒன்றாம் நம்பரை விசாரிக்கிற பொறுப்பு அப்பாவுக்கு. அவருடைய றெஸ்ரோறன்ற் குசினியில் றமீரோ என்று ஒரு மனிதர் ஸ்பானிய மொழி பேசுகிறவர் இருக்கிறார், அவரிடம் போய் மெக்சிக்கோச் சனம் எப்படி என்று கேட்டிருக்கிறார். நான் எக்குவடோர், மெக்சிக்கோவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்ல, பாஷை ஒன்றுதானே, எல்லாம் ஒரே ஆக்கள்தானே என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நீ இந்தியனா என்று றமீரோ கேட்டாராம். அவ்வளவுதான், இரண்டு நாள் இருவரும் கதையில்லை, சலாட் வெட்டுகிற பலகையைக் கண்ணாலேயே கேட்டு வாங்கினார்களாம். மூன்றாம் நாள் அப்பா தானாகப் போய் நீ சொன்னது சரி என்று கைகொடுத்தார். உன் ஆராய்ச்சிக்கு இது உதவுமென்றால் எழுதிக்கொள், ஒரே பெயர் ஒட்டின பெட்டிக்குள் இருபது நாட்டுச் சனத்தைப் போட்டு அடைத்தால் உள்ளுக்குள் சண்டைதான் வரும்.

இரண்டாம் நம்பருக்கு நான் சீலைக்கடை வேதவல்லியைப் பிடித்தேன். அவ பிறந்தது மலேசியாவில்தான், இங்கே கலியாணம் முடித்து வந்தவ. பெயர் இல்லையே, கண்டுபிடிக்கலாமோ என்று கேட்டேன். சிரித்தா. ‘அக்கா, தைப்பிங் தோட்டத்து ஆஸ்பத்திரி, ஹூஸ்டன்ல மருந்துக்கடை, ரெண்டு அக்கா தங்கச்சி, இப்படி எத்தனை வீடுலா இருக்கும்?’ என்றா. வெளிநாட்டார் கந்தோருக்கு நாங்கள் யார் என்று கண்டுபிடிக்க எட்டு வருடம் எடுத்தது, வேதவல்லி நாலு நாளில் அந்த வீட்டுப் போன் நம்பரோடு வந்து நின்றா. நானும் எடுத்துவிட்டேன். அந்தப் பொடியனின் தாய் கமலவேணி என்று ஒரு தங்கமான மனுசி. ‘உங்க பொண்ணா அது? சப்பாத்த வாசல்லயே கழட்டிட்டு வந்துச்சுங்க’ என்று அதைத்தான் முதல் சொன்னா. பிறகு, ‘எங்க வருமானத்தெல்லாம் கேட்டப்பவே எனக்குச் சந்தேகம், இது சும்மா படிப்புக்கு இல்லன்னு’ என்றும் சொன்னா. பார்த்தாயா, உன் கேள்விக்கொத்தைக் கண்டு இரண்டு தாய்மார் ஒரே மாதிரி நினைத்திருக்கிறோம், குற்றம் முழுக்க என்னுடையது இல்லை. ஒரு மணித்தியாலம் கதைத்தோம், நீ அடுத்த தரம் வருகிற அன்றே பெண் பார்ப்பதென்று முடிவும் செய்தோம், பருப்புக் கறிக்குப் பெருஞ்சீரகம் போடுவதா இல்லையா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

போன வெள்ளிக்கிழமை தம்பி யூட் தன் தொழிற்பயிற்சிப் பத்திரம் ஒன்றைத் தேடி ஓர்ட்னரைப் புரட்டியபோது உன் முதல் தாள் அகப்பட்டது. நின்று வாசித்தான், பிறகு இது மாப்பிள்ளை விபரம் இல்லை, வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறின சனத்தைப் பற்றி அக்கா செய்கிற ஆராய்ச்சிக் குடும்பங்கள் என்று சொல்லி நிலத்தில் விழுந்து சிரித்தான். நான் விளக்குமாற்றை எடுத்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. திடீரென்று முகம் மாறிப்போய் எழும்பினான். ‘அம்மா, இது பகிடி இல்லை. அவை ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியவராதெண்டு அக்கா கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறா. இது வெளியிலை வந்தா அவவின்ரை ஆராய்ச்சியையே நிப்பாட்டிப் போடுவினம்’ என்றான். அன்று மீன்குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன், ஒருத்தரும் வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள், அதிலிருந்தே என் நிலைமை எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாளே கமலவேணிக்குப் போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தா. பிறகு, ‘அப்ப டாலஸ்ல இருந்து எங்க அக்கா பொறப்பட்டு வர்றாங்களே, அவங்களுக்கு நான் என்ன சொல்றது?’ என்று கேட்டா, பாவம். மகனுக்கு ஒன்றும் தெரியாதாம், அவன் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும்தான் ஆயத்தமாக இருக்கிறானாம். கமலவேணி வாய் திறக்கமாட்டா, நான் நம்புகிறேன், அந்த அக்காவுக்கு நான் பொறுப்பில்லை. ஆனபடியால் கேள். நீ முதலில் உன் பேராசிரியரிடம் போய் நடந்ததை முழுதாகச் சொல். அவர் போகவேண்டாம் என்றால் போகாதே. போகலாம் என்றால் காற்சட்டையோடு போ, சீலை பக்கமே போகாதே, போனவுடன் அந்தப் பதிவு செய்கிற மெசினை எடுத்து மேசை நடுவில் வை. பலகாரம் தந்தால் சாப்பிடு, மரியாதை. ஆனால் யாராவது தேத்தண்ணித் தட்டை உன் கையில் தந்து, நீயே கொண்டுபோய்க் கொடும்மா என்று சொன்னால் மட்டும் தொடாதே, கை நோகிறது என்று சொல். பாடச் சொன்னால் பாடு, உன் குரலைக் கேட்டால் அத்தோடு எல்லாம் தானாக நின்றுவிடும்.

பேராசிரியருக்குச் சொல்லவே வேண்டாம் என்கிறார் அப்பா. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அகதி விசாரணை நாளில் யாரோ சொல்லிக் கொடுத்தது அவருக்கு இன்னும் வேதவாக்கு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சனம் உன்னை நம்பி வீட்டுக் கதவைத் திறந்திருக்கிறது, நீ ஒளித்தால் நான் செய்த பிழை உன் பிழையாகிவிடும். ஆகவே எல்லாம் என் குற்றம் என்று நான் சொல்லச் சொல்ல யூட் ஜேர்மன் பாஷையில் ஒரு கடிதம் எழுதினான், நான் கையெழுத்து வைத்திருக்கிறேன், உள்ளே இருக்கிறது, நீ இங்கிலீசில் மாற்றிக் கொடு. அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாலும், கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதில் முத்திரை அடித்துக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் முத்திரைக்கு மதிப்பு உண்டோ தெரியாது, வட்டமாக வடிவாகத்தான் விழுந்திருக்கிறது.

நான் ஏன் இப்படி அந்தரப்பட்டேன் என்று நீ கேட்பாய். அயலவர் கேட்கிறார்கள், வயது போகிறது என்பதெல்லாம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் போன மாசியில் உனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் தனியே கிடந்துவிட்டு, மாறின பிறகு அல்லவா சொன்னாய், அது இன்னும் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது. ஒரு கோப்பை கஞ்சி வைத்துக் கொடுக்க ஒருத்தர் இருந்தால் போதும், அவர் எந்தப் பாஷையில் வைத்தாலும் எனக்குச் சரி என்றுதான் அந்தத் தாளை வாசித்தேன்.

சரி, நீ கேட்டதற்கு ஒப்பிட்டும் எழுதுகிறேன், இப்போது முழுதும் விளங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் முதலில் இரண்டாம் நம்பரைத்தான் எடுத்தேன், படிப்பு, தமிழ், மருந்துக்கடை. அப்பா ஒன்றாம் நம்பர் என்று ஒற்றைக் காலில் நின்றார். மலேசியாத் தகப்பன் பிள்ளைகளைப் படிப்பித்துப் பிளேனில் ஏற்றினவர், மெக்சிக்கோத் தகப்பன் படிப்பும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல் எல்லையைக் கடந்து வந்து, அடுத்தவனுக்குக் கூரை போட்டுப் போட்டுத் தனக்கும் ஒரு கூரை போட்டவர், யார் கூடிய தூரம் வந்தது என்று பார் என்று கேட்டார். ஸ்டுட்கார்ட்டில் கார்க் கொம்பனிக்கு வேலைக்கென்றே கூப்பிட்டு வந்த இந்திய இஞ்சினியர் வீட்டையும், கிழக்கு பேர்லினில் இறங்கிப் பயந்து பயந்து இந்தப் பக்கம் ரெயில் ஏறின எங்கள் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது புள்ளி போட்டால் நான் சும்மா இருப்பேனா? வந்து சேர்ந்த இடத்தை மட்டும் எழுதாதே பிள்ளை, புறப்பட்ட இடத்தையும் எழுது. இதை உன் பேராசிரியர் முன்பே சொல்லியிருப்பார், இருந்தாலும் அம்மாவும் சொன்னா என்று போடு.

கேள்விகள் சனத்துக்கு விளங்குகிறதோ என்று பார்க்க, அந்த முதல் தாளின் பின்பக்கத்தில் இருந்த படிவத்தை எங்களையும் நிரப்பச் சொல்லியிருந்தாய். அப்பா பென்சிலால் எழுதி, அழித்து, பிறகு பேனையால் எழுதினார். வரமுதல் செய்த தொழில், நில அளவைக் கந்தோரில் படவரைஞர். இப்போதைய தொழில், சட்டி பானை கழுவுதல், சலாட் வெட்டுதல், இருபத்தொரு வருடம். இந்த நாட்டுக்கு வந்ததால் நீங்கள் எதிர்பார்த்த பலன் கிடைத்ததா என்று ஒரு கேள்வி கடைசியில் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். நான் ஆம் என்று எழுதுங்கோ என்றேன், யூட் பாதி என்று எழுதுங்கோ என்றான். அவர் இரண்டையும் எழுதவில்லை. ‘மகளைக் கேட்கவும்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளை எனக்கு உண்மையான பயம் வந்தது. என் வாயால் உன் படிப்புக் கெட்டால், அந்த மனிதர் இருபத்தொரு வருடமாக வைத்திருக்கிற பதிலையே நான் கெடுத்தவளாவேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு ஒன்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

கடவுள் உன் கூட இருந்து அந்தப் பேராசிரியருக்கு நல்ல மனதைக் கொடுக்கட்டும், நீ தொடங்கினதை முடித்து வெளியே வரவேண்டும், அதற்கு என் முழங்கால் நோக நோக மண்டியிட்டு மன்றாடுகிறேன். அவரோடு கதைத்த உடனே போன் எடு, மறக்காதே. என்னை ஏசவேண்டியதை முதலில் ஏசி முடி. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, அந்தக் கடைசிக் கேள்விக்கு உன் பதிலைச் சொல். அவர் போனுக்குப் பக்கத்தில்தான் நிற்பார், நிற்காத மாதிரி.

என்றும் உன்மேல் உயிரான அம்மா,
நேசமலர் லோறன்ஸ்