அரை நாளில் முடித்த பயிற்சி

என் அன்பு வாலு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தை மூடிக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் துணி காயப்போடுகிறேன் என்று நாளைக்கு மூன்று தடவை மாடிப்படி ஏறுகிறாள், கேட்டால் "வேணும்னா உங்க மகளுக்கு எழுதிப் போடுங்க" என்கிறாள், இதோ போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் உன் பழைய சைக்கிளைக் கேட்டார், கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியதுதான். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருக்கிறேன்.

அத்தை உன்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் மருந்துக் கிடங்கைக் கட்டிக் காத்த மனுஷனை நாற்காலியை விட்டு இறக்கிச் சாதாரண ஆளாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பாள். அதைக் கேட்டுத்தான் அன்றைக்கு நீ போனில் அப்படிக் கொதித்தாய். "சும்மா விடக்கூடாதுப்பா, நான் மேலதிகாரிக்கு எழுதறேன், வக்கீல் கிட்ட பேசறேன்" என்றாய். நானும் "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்று மழுப்பி வைத்துவிட்டேன். அந்தக் கடிதத்தை நீ எழுத வேண்டாம், எழுதியிருந்தால் கிழித்துப் போடு. எனக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை. செய்தவன் நான். இதை நீ அத்தை வாயாலோ வேறு யார் வாயாலோ கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

போன வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. சுகாதார நிலையங்களில் மருந்தறையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் முறையான பயிற்சி கொடுக்க வேண்டும், எதை எப்படி வைப்பது, எது தீரும் முன் எவ்வளவு கேட்பது, தடுப்பூசி மருந்தை எந்தக் குளிரில் காப்பது என்று மூன்று நாள் வகுப்பு, நடத்த வேண்டியவன் நான். கூடவே தலையணை தடிமனுக்கு ஒரு கையேடும் வந்தது. வரவு, வழங்கல் பகுதியைப் படித்தேன், அது நான் தினமும் செய்கிற வேலை. குளிர் பற்றிய பகுதிக்கு வந்ததும் கோடும் வளைவுமாக ஏதோ படங்கள், புரியவில்லை, மூடிவிட்டேன். வகுப்புக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். அட்டைப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிடங்கின் நடுவில் நாற்காலி போட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், மதியத்தோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்று நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினேன். நல்ல மனுஷன் என்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும், மலையடிவாரத்து நிலையத்தில் மருந்தறையைப் பார்ப்பவர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், நோட்டோடு எழுந்து நின்று, "சார், எந்த மருந்து உறையலாம், எது உறையக்கூடாதுன்னு சொல்லவே இல்லையே" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்மா, பொட்டியில வை, கதவச் சாத்து, அதுபாட்டுக்குக் குளுகுளுன்னு இருக்கும், நமக்குத்தான் ஃபேன் கூட இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்த வெயில் காலத்தில் அந்த மலையடிவாரத்து நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்ட ஐந்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கக்குவான் இருமல் வந்து பெரிய மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தது. பிழைத்துக்கொண்டது, பயப்படாதே. ஊசி போட்ட குழந்தைக்கு எப்படி வந்தது என்று டாக்டரம்மா ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார். வெயில் ஏற ஏற மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று அந்த அம்மா குளிர்பெட்டியில் குளிரைக் கூட்டும் திருகைக் கடைசி வரை திருகி வைத்திருக்கிறார். மருந்து உறைந்து, உருகி, உயிரில்லாத தண்ணீராகப் போயிருக்கிறது. அதைத்தான் நூற்று எண்பத்திரண்டு குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் கொடுமை, அந்த அம்மா தினமும் காலையும் மாலையும் பெட்டியின் குளிரைக் குறித்தே வைத்திருக்கிறார், மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு என்று முத்து முத்தான எழுத்தில். தப்பு என்று தெரிந்தவர் அப்படி எழுதி வைப்பாரா? விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று நாள் பயிற்சி பெற்றவர் என்று என் கையெழுத்தோடு சான்றிதழ் இருந்தது. "உறையக்கூடாதுன்னு வகுப்புல சொன்னீங்களா" என்று என்னைக் கேட்டார்கள். அந்த அம்மா எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தார். "சொன்னேன் சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து, உன் அம்மா போட்ட சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

எல்லாக் குழந்தைகளுக்கும் மறுபடி ஊசி போட வேண்டும் என்று முடிவானது. மருந்துப் பெட்டியோடு நானும் வண்டியில் போனேன். போய் இறங்கினால் அந்த அம்மா நிற்கிறார். சம்பளமும் இல்லை, கூப்பிடவும் இல்லை, எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்று தனக்குத்தான் தெரியும் என்று தானாகவே வந்திருக்கிறார். வீடு வீடாக முன்னால் நடந்தார், நான் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். அந்த இருமல் குழந்தையின் வீட்டுக்கும் போனோம். விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது குழந்தை. அதன் தாய், நான்தான் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டு, "ஊசி போட்டும் ஏன் சார் வந்துச்சு" என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, "என் தப்புதாங்க, பொட்டிய நான்தான் கெடுத்துட்டேன்" என்றார். அந்தத் தாய் அவரைக் கேட்காத கேள்வி இல்லை, தெருவே கூடிவிட்டது. எல்லாவற்றையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில், வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன். அம்பத்தெட்டு வயதுக்கு இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் நிற்க முடியாது.

மறுநாள் காலையில் விசாரணை அதிகாரியிடம் போய், வகுப்பை அரை நாளில் முடித்ததையும், உறைவதைப் பற்றிச் சொன்னேன் என்றது பொய் என்பதையும் சொல்லி, ஒரு கோப்பைக் கொடுத்தேன். மகளே, இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அந்த அம்மா குறித்த குளிர்த் தாள்கள் மாதாமாதம் என் மேசைக்குத்தான் வரும். மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு என்று இருந்த அத்தனை தாளிலும் பச்சை மையில் சரி போட்டவன் நான். ஏன் தெரியுமா? உறையக்கூடாது என்று எனக்கும் தெரியாது. அரை நாளில் வகுப்பை முடித்தது சோம்பலால் என்று அதிகாரி நினைத்தார், அப்படியே விட்டிருந்தால் கொஞ்சம் கௌரவமாகக்கூட இருந்திருக்கும். நான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவன். கிடங்குக்காரர் ஓய்வு பெற்றதும், இவன் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு மாத்திரையும் பஞ்சும்தான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது, தடுப்பூசி வந்தது, குளிர் அறை வந்தது, யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இத்தனை வருஷம் என்ன பார்த்தாய் என்பார்களோ என்று பயம். யாராவது சந்தேகம் கேட்டால் ஒரு ஜோக் அடிப்பேன், தப்பித்துவிடுவேன். உன் அம்மாவுக்கே இப்போதுதான் தெரியும். "என்கிட்டகூடவாங்க சொல்லல" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொறுப்பிலிருந்து என்னை இறக்கினார்கள், அது சரிதான். அந்த அம்மாவை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள், ஆனால் அவர் மேல் ஒரு கண்டிப்புக் குறிப்பு இருக்கிறது, அதை அழிக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. போன வாரம் இருபத்தாறு பேருக்கும் புதிதாக ஆறு நாள் வகுப்பு, வெளியூரிலிருந்து தெரிந்தவர்கள் வந்து நடத்தினார்கள். நானும் உட்காருகிறேன் என்று கேட்டு உட்கார்ந்தேன். நல்ல மருந்து ஒன்று, உறைந்து உருகிய மருந்து ஒன்று, இரண்டையும் குலுக்கி வைத்து எது கெட்டது என்று சொல்ல வேண்டும். கெட்டது திட்டுத்திட்டாகச் சீக்கிரம் அடியில் படியுமாம். நான் நல்லதைக் கெட்டது என்று காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அந்த அம்மா ஒரே பார்வையில் சரியாகச் சொன்னார். கடைசி நாள் வாசலில் அவரை நிறுத்தி, மன்னிச்சிரும்மா என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க பொய் சொன்னதுகூடப் போகட்டும் சார். அன்னைக்கு எனக்கும் தெரியாதும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் வேற யாரையாவது கேட்டிருப்பேன். நீங்க சிரிச்சீங்க. அதான் கேக்கற அளவுக்குப் பெரிய விஷயமில்லன்னு விட்டுட்டேன்" என்றார். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

இதைப் படித்து உனக்கு என் மேல் இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும், நான் தாங்கிக்கொள்வேன். அழாதே, விடுமுறை எடுத்துக்கொண்டு ஓடியும் வராதே. நீ தீர்க்காயுசாக, தலை நிமிர்ந்து, யார் முன்னாலும் கூசாமல் வாழ வேண்டும் என்பதுதான் நானும் அம்மாவும் உனக்குத் தரும் ஆசி. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போன மாதம் உன் புது வேலையைப் பற்றிப் பேசும்போது, கூட்டத்தில் அவர்கள் சொன்னது பாதி புரியவில்லை, சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன் என்று சிரித்தாய், நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். கடிதம் கிடைத்த மறுநாளே போய், எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டுவிடு.

என்றும் உன் நலனையே நினைக்கும்
உன் அப்பா